முத்தைக் கரைத்துக் குடித்தவர்

எங்கள் வீட்டில் ரோமாபுரி என்றால் பாப்பரசர் இருக்கும் ஊர். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அதனால், கல்லூரிக் கருத்தரங்கில் வாசிக்க நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை ரோமின் கெட்ட பெயரைப் பற்றியது என்று சொன்னபோது, அம்மா அறுத்துக்கொண்டிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

“ஏளா, எழுத ஒனக்கு வேற ஊரே கெடைக்கலியா? சாமியார் காதுல விழுந்தா என்ன நெனைப்பாவ?”

“இது பாப்பரசருக்கு முந்துன ரோம்மா. ராசாக்கமார் ஆண்ட ரோம்.”

அம்மா சிறிது யோசித்தாள். “ஆண்டவரச் சிலுவையில அறைஞ்சானுவளே, அவனுவளா?”

“அவனுவளேதான்.”

“அப்பம் எழுது. நல்லா எழுது” என்று சொல்லி மறுபடி மீனை எடுத்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குள் கால் வைத்ததும் நான்தான். இன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில், தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். கௌரவ விரிவுரையாளர் என்று சொல்வார்கள். நிரந்தர வேலை இல்லை. ஆனாலும் காலையில் சேலையை மடித்துக் குத்திக்கொண்டு பேருந்துக்கு நடக்கும்போது, தெருவில் மீன் காய வைக்கும் பெண்கள் வழிவிட்டு ஒதுங்குவதை நான் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். அந்தப் பெருமையை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அது சும்மா வந்ததல்ல.

ஆண்டுதோறும் முதல் வகுப்பில் ரோமைப் பற்றி என்ன தெரியும் என்று மாணவர்களைக் கேட்பேன். சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிட்டு மறுபடி சாப்பிடுவார்கள் என்பான் ஒருவன். ஒரு ராஜா குதிரையை மந்திரியாக்கினான் என்பாள் இன்னொருத்தி. பறவைகளின் நாக்கைச் சமைத்துத் தின்றார்கள், பாலில் குளித்தார்கள், ஊர் எரியும்போது பாட்டுப் பாடினார்கள். யாரும் சாலையைச் சொல்வதில்லை, சட்டத்தைச் சொல்வதில்லை. அவ்வளவு பெரிய நாட்டில் இத்தனை நூற்றாண்டு தாண்டி நம் கரைக்கு வந்து சேர்ந்தது அதன் ஆட்டம் மட்டும்தான். இந்தப் பேச்சை முதலில் ஆரம்பித்தவர் யார் என்பதுதான் என் கட்டுரையின் கேள்வி.

அந்தக் கதைகள் அம்மாவைவிட அப்பாவுக்குப் பிடித்திருந்தன. அப்பா வள்ளத்தில் தொழில் செய்தவர். முழங்கால் தேய்ந்துபோனதால் இப்போது கடலுக்குப் போவது குறைவு. நான் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் கடுங்காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, “இன்னைக்கு என்ன தின்னானுவ?” என்று கேட்பார். அன்று எகிப்து ராணியின் கதையைச் சொன்னேன். உலகத்திலேயே விலை கூடிய விருந்து யாருடையது என்று ஒரு ரோமானியத் தளபதியோடு அவள் பந்தயம் கட்டியதையும், காதில் கிடந்த பெரிய முத்தைக் கழற்றிக் புளித்த காடியில் போட்டுக் கரைத்துக் குடித்ததையும் சொன்னேன்.

“சிலுவையில ஆண்டவருக்குக் கொடுத்த காடியா?” என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். “இது என்ன பெரிய காரியம்! எகிப்துக்கு ஏன் போற? நம்ம ஊர்லயே நடந்துச்சுலா. மேலத்தெரு சம்மாட்டி பிராந்தியில முத்தப் போட்டுக் கரைச்சுக் குடிச்சாம்லா!”

சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். மேலத்தெரு சம்மாட்டியின் கதை எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஒரு காலத்தில் இரண்டு வள்ளமும், இறால் ஏற்றுமதியில் வந்த பணமும், மாடி வீடும் இருந்த மனிதர். விருந்து வைத்தால் வந்தவர்களைச் சோடாவில் கை கழுவச் சொல்வாராம். சங்கு குளிக்கப் போனவர்கள் எப்போதாவது கொண்டுவரும் முத்தை வாங்கிப் பிராந்தியில் கரைத்துக் குடிப்பாராம். கடைசியில் எல்லாம் கரைந்து, வள்ளத்தை விற்று, மாடியை விற்று, இப்போது மகளின் சம்பளத்தில் சாப்பிடுகிறார். தெருவில் யாராவது பையன் கொஞ்சம் செலவு செய்துவிட்டால் போதும். “முத்தக் கரைச்சுக் குடிக்கப் போறியாக்கும்” என்று கேட்பார்கள்.

“பிராந்தியில முத்து கரையுமாப்பா?” என்று கேட்டேன்.

“ஏன் கரையாது?”

“காடியில போட்டாலே லேசுல கரையாதாம். பொடிச்சுப் போட்டாத்தான் கரையுமாம். நீங்க பாத்தீயளா?”

“ஊருக்கே தெரியும்ளா.”

“நீங்க பாத்தீயளான்னு கேக்கேன்.”

அப்பா காப்பியை உறிஞ்சினார். “கிளாசுல என்ன கெடந்துச்சுன்னு நான் எட்டியா பாக்க முடியும்? நான் அந்த வள்ளத்துல கூலிக்காரன்.”

அப்போது அந்தப் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து, மீன் ஏலக்கூடத்திலிருந்து வந்த அம்மா ஒரு செய்தி சொன்னாள். சம்மாட்டியின் மகளுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறது. தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊர். பையன் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை பார்க்கிறான். பெண்ணைப் பார்த்துவிட்டார்கள், பிடித்துவிட்டது. இனி விசாரிக்க வருவார்கள்.

எங்கள் கரையில் விசாரிப்பதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்திலோ சொந்தக்காரரிடமோ கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வீட்டு வள்ளத்தில் தொழில் செய்த ஆளைத் தேடிப் போய்க் கேட்பார்கள். நடுக்கடலில் ஒருவர் எப்படிப் பேசுவார், பங்கு பிரிக்கும்போது கை எப்படி இருக்கும், காற்று மாறினால் யாரைத் திட்டுவார் என்று கூட வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். அவன் சொல்வதுதான் முடிவு. மேலத்தெரு வள்ளத்தில் போனவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் வளைகுடாவுக்கும் கேரளாவுக்கும் போய்விட்டார்கள். ஊரில் மிச்சம் இருப்பது என் அப்பா ஒருவர்தான்.

“அப்பம் நம்ம வீட்டுக்குத்தான் வருவாவ” என்றாள் அம்மா. அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

சம்மாட்டியின் மகள் என்னைவிட மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருவரும் ஒரே பேருந்தில்தான் போவோம். இருந்தும் சிரிப்பதோடு சரி. மறுநாள் காலை அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உப்பளங்களைத் தாண்டியதும் சன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“ஒங்க வீட்டுக்கு ஆள் வரும்.”

“தெரியும்க்கா.”

“இதுக்கு முன்னாலயும் ரெண்டு எடத்துல இருந்து வந்தாவ. ஒங்க அப்பாகிட்ட வந்து கேட்டுட்டுப் போனாவ. அப்புறம் திரும்பி வரல.”

அது எனக்குத் தெரியாது. அப்போது நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். என்ன சொல்வதென்று தெரியாமல், “சோடாவுல கை கழுவுன கதையா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. சிரித்தாள். “அது கோயில்ல நான் புதுநன்மை வாங்குன அன்னைக்கு. கெணத்துத் தண்ணி உப்பு, வாயில வைக்க முடியாது. தண்ணி லாரி வரலை. விருந்துக்கு வந்தவங்க கை கழுவணும்லா? குடிக்க வாங்கி வச்ச சோடாவ ஒடைச்சு ஊத்துனாவ. வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு நான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. அன்னைக்குச் சிரிச்சவங்கதான் பொறவு இப்படிச் சொன்னாவ.”

“முத்து?”

சிரிப்பு நின்றது. “அது எங்க அம்மாவுக்கு.”

அவளுடைய அம்மா உடம்பு உருகும் நோயில் கிடந்தார். மதுரை வரைக்கும் காட்டியும் குணமாகவில்லை. நாசரேத் பக்கத்தில் ஒரு சித்த வைத்தியர், நல்ல முத்து கிடைத்தால் பற்பம் செய்து தருகிறேன் என்றாராம். சங்கு குளியாள்களிடம் சொல்லி வைத்து, ஒன்றொன்றாகச் சேர்த்து, கொடுத்துவிட்டார்கள். வெள்ளைப் பொடியாகத் திரும்பி வந்தது. தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். தன் அம்மாவின் உதட்டோரம் அந்த வெள்ளை ஒட்டியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது என்றாள்.

“அந்த முத்த வைத்தியர்கிட்ட கொண்டு போனது ஒங்க அப்பாதான். எங்க அப்பா அம்மாவ விட்டு நகரலை. வீட்டுல வேற ஆம்பள இல்லை. ஒங்க அப்பாவத்தான் நம்பிக் கொடுத்து விட்டாவ.”

பேருந்து பழைய துறைமுகத்தின் பக்கம் திரும்பியது.

“பொய் சொல்லச் சொல்லல. எங்களப் பத்தி நல்லதாச் சொல்லவும் வேண்டாம். பாத்தத மட்டும் சொல்லச் சொல்லு. எனக்கு இந்த ஆளப் பிடிச்சிருக்கு. இதுவும் போச்சுன்னா இனி யாரையும் வரச் சொல்ல மாட்டேன்” என்றாள். அவள் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலை என் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரோமின் கெட்ட பெயரை ரோமின் பகைவர்கள் உண்டாக்கவில்லை, ரோமானியரே உண்டாக்கினார்கள் என்று அதில் எழுதியிருந்தேன். கிழக்கே போரில் வென்று செல்வம் கொண்டுவந்த நாள் முதலே, நாம் கெட்டுவிட்டோம், நம் முன்னோர் கூழ் குடித்துக் கோட்டை பிடித்தார்கள், நாம் பட்டும் முத்தும் கேட்கிறோம் என்று புலம்புகிறவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் குறை சொன்ன முத்துகளில் எங்கள் கடலில் விளைந்தவையும் இருந்தன. கொற்கை முத்து ரோம் வரை போனது என்று பள்ளியில் படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த முத்தையே தங்கள் நோய் என்று அங்கே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது, எங்கள் வீட்டுப் பெண்ணை யாரோ வெளியூரில் குறை சொன்னது போல இருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றையும் எழுதியிருந்தேன். அரசர்களைப் பற்றிய மிக மோசமான கதைகள் அந்த அரசர்கள் உயிரோடு இருந்தபோது எழுதப்பட்டவை அல்ல. ஒருவன் செத்து, வேறு குடும்பம் ஆட்சிக்கு வந்த பிறகு எழுதப்பட்டவை. எழுதியவர்கள் செனட் என்ற பெரிய சபையில் இருந்தவர்கள், அல்லது அவர்களை அண்டி இருந்தவர்கள். அவர்களில் பலர் அந்த அரசர்களிடம் பதவி வாங்கியவர்கள், அவர்களுடைய விருந்தில் சாப்பிட்டவர்கள். அரசன் விழுந்தபோது பேசாமல் இருந்தவர்களும், புதியவனிடம் போய்ச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. பழையவன் அரக்கனாக இருந்தால்தானே, அவனை விட்டு வந்தது குற்றமாகாது? அவன் எவ்வளவு கெட்டவனோ அவ்வளவுக்கு இவர்கள் சுத்தம். பிறகு வந்த கிறிஸ்தவப் பிரசங்கிகளுக்கு அந்தக் கதைகள் கைக்கு வசதியாக இருந்தன. அதற்கும் பிறகு ஓவியர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும்.

இதையெல்லாம் நான் நிதானமாக, நடுநிலையாக எழுதியிருந்தேன். யாரோ செத்துப்போனவர்களைப் பற்றி எழுதுகிறோம் என்ற நிம்மதியோடு எழுதியிருந்தேன். இப்போது ஒவ்வொரு வரியிலும் என் அப்பா நின்றார்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை காத்திருந்தேன்.

“யப்பா, நாசரேத்து வைத்தியர்கிட்ட முத்து கொண்டு போனது நீங்கதானா?”

அவர் துண்டால் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். “யாரு சொன்னா? அந்தப் புள்ளையா?”

“நீங்கதானா?”

“ஆமா. அதுக்கென்ன இப்பம்?”

“அது மருந்துன்னு ஒங்களுக்குத் தெரியும். பொறவு ஏன் பிராந்தின்னு சொன்னீய?”

“நான் ஆரம்பிச்சேனா? ஊரே பேசுச்சு. அந்த ஆளு பிராந்தி குடிக்கத்தான செஞ்சான்? பொண்டாட்டி படுக்கையில கெடக்கையில குடிச்சான். பெறவும் குடிச்சான்.”

“முத்தக் குடிச்சாரா?”

“ஏளா!” என்று கத்தினார். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். “எங்களப் பெத்தவங்க படிக்க வைக்கல. ஒன்ன நாங்க படிக்க வச்சோம். எதுக்கு? எங்களயே நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்கவா?”

“அவளுக்குக் கல்யாணம் நிக்குதுப்பா. ஏற்கெனவே ரெண்டு போயிருக்கு.”

அப்பா உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுபடி பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“நல்ல மீன்பாடு கெடைக்கிற காலம் அது. ரெண்டு வள்ளமும் கரையில கெடந்து காயுது. சம்மாட்டி வீட்டுக்காரியோட ஆஸ்பத்திரியில இருக்காவ. எப்பம் வருவாவன்னு தெரியாது, டீசலுக்குக் காசு தர ஆளில்ல. பலகை வெடிக்குது. நாங்க தெனமும் போய் வள்ளத்துல தண்ணி ஊத்திட்டு வருவோம். எத்தன நாள் தண்ணி ஊத்துவான் ஒருத்தன்? கீழத்தெருக்காரன் புது வள்ளம் எறக்கி, ‘வாங்கலே எல்லாரும்’னு கூப்பிட்டான். போனோம். எல்லாரும்தான் போனோம். அவரு திரும்பி வந்து பாக்கையில கரையில ஆள் இல்ல.”

“அதச் சொல்லியிருக்கலாம்லா?”

“யாருகிட்டளா சொல்ல? பொண்டாட்டி சாவக் கெடக்கையில சம்மாட்டிய விட்டுட்டு வந்தோம்னா? ஒருத்தன் குடிச்சு அழிஞ்சான்னு சொன்னா, கேக்குறவன் ‘ஆமா, பொறவு என்ன செய்வீய’ங்கான். அப்படியே போச்சு.” அவர் என்னைப் பார்த்தார். “அந்த வருசந்தான் ஒன்னக் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கோடத்துல சேத்தேன். கீழத்தெரு வள்ளத்துல போனதுனால சேத்தேன். தண்ணி ஊத்திக்கிட்டே இருந்திருந்தா நீயும் மீன்கூடை தூக்கிக்கிட்டு இருப்ப.”

அம்மா, “போதும் விடுங்க” என்றாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

என் படிப்பு என் உழைப்பில் வந்தது என்று நினைத்திருந்தேன். உழைத்தேன்தான், அது பொய்யில்லை. ஆனால் நான் முதன்முதலில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்தக் காலையில், கரையில் இரண்டு வள்ளங்கள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் வெடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கதை அப்பாவுக்கு மட்டுமா தேவைப்பட்டது? அதைச் சிரித்துக்கொண்டு கேட்டு வளர்ந்த எனக்கும் அது சோறு போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கரையில் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. விசாரிக்க வருகிறவர்களும் அந்த நாளைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், ஆள் வீட்டில் இருப்பான் என்று. பூசை முடிந்து வெயில் ஏறிய பிறகு இருவர் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வெள்ளை வேட்டி கட்டி, கழுத்தில் லேஞ்சித் துண்டைச் சுற்றியிருந்தார். கூட வந்தவர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அம்மா நாற்காலி போட்டுக் கலர் உடைத்துக் கொடுத்தாள். நான் உள்ளறை வாசலில் நின்றேன். இந்த மாதிரிப் பேச்சில் பெண்கள் குறுக்கிட மாட்டோம். வகுப்பில் எத்தனை பேர் முன்னாலும் பேசுகிற எனக்கு அன்று வாசல் நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் காற்று, பாடு, டீசல் விலை என்று பேசினார்கள். பிறகு தாய்மாமன், “அண்ணாச்சி, மேலத்தெரு வள்ளத்துல நீங்க ரொம்ப வருசம் இருந்தீயளாமே” என்றார்.

“இருந்தேன்.”

“எப்படி ஆளு?”

“கடல்ல நல்ல ஆளு. பங்குல சுத்தம். வாய் கொஞ்சம் நீளம். அலை தட்டுனா மாதாவையும் திட்டுவாவ, எங்களையும் திட்டுவாவ.”

வயதானவர் சிரித்தார். தாய்மாமன் சிரிக்கவில்லை. “ஒன்னு கேள்விப்பட்டோம். முத்தெல்லாம் கரைச்சுக் குடிச்சாருன்னு. சிரிப்பாத்தான் சொல்லுதாவ. ஆனா பொண்ணு குடுக்குற வீடு. அப்பன் கை அப்படின்னா மகள் கையும் அப்படித்தான இருக்கும்?”

அம்மா கையிலிருந்த தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். எனக்குள் ஒரு குரல் ‘மருந்து, மருந்து’ என்று கூவியது. சொல்லியிருந்தால், படித்த பிள்ளை தன் ஊர்க்காரிக்காகப் பேசுகிறாள் என்று எழுந்து போயிருப்பார்கள். கூடப் போனவன் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்.

“முத்து உண்டு” என்றார் அப்பா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“முத்து உண்டு. குடிச்சது அவரில்ல. அவரு வீட்டுக்காரிக்கு மருந்து. பற்பம். நான்தான் நாசரேத்து வைத்தியர்கிட்ட மடியில கட்டிக்கிட்டுப் போனேன். பஸ்ஸுல உக்காராம நின்னுக்கிட்டே போனேன், உக்காந்தா எங்க நசுங்கிப் போகுமோன்னு.”

“என்ன சொல்லுதாரு?” என்று வயதானவர் கேட்டார்.

“மருந்துக்காம்!” என்று தாய்மாமன் அவர் காதருகே சத்தமாகச் சொன்னார். தெருவே கேட்டிருக்கும். பிறகு அப்பாவைக் கூர்ந்து பார்த்தார். “அப்படி நல்ல சம்மாட்டின்னா, நீங்க ஏன் அண்ணாச்சி அந்த வள்ளத்த விட்டீய?”

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் என்ன முகத்தோடு நின்றேனோ எனக்குத் தெரியாது. அவர் பார்வையை எடுத்துக்கொண்டார்.

“வயிறு இருந்துச்சு. புள்ள இருந்துச்சு. வள்ளம் கரையில கெடந்துச்சு. விட்டுட்டுப் போனோம். தப்பு அவருகிட்ட இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “முன்னால ரெண்டு பேரு வந்து கேக்கையில நான் இதச் சொல்லல. நீங்க மூணாவது” என்றார்.

தாய்மாமன் கலரைக் குடித்து முடித்தார். கண்ணாடிப் புட்டியைத் தரையில் மெதுவாக வைத்தார். “சரி, வாரோம்” என்று எழுந்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அது முழுவதும் நனைந்திருந்தது. அம்மா சாதத்தைப் போட்டு, மீனில் நடுத்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

அந்த வாரம் கருத்தரங்கில் கட்டுரையை வாசித்தேன். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “அப்படின்னா ரோமானியர்கள் நல்லவர்களா, மேடம்?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அடிமைகளை மிருகங்களோடு மோதவிட்டு வேடிக்கை பார்த்தவர்களை நல்லவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் காதில் ஆடிய முத்துக்காக இந்தக் கடலில் மூச்சடக்கி இறங்கியவர்களில் எத்தனை பேர் மேலே வரவில்லை என்று எந்த ஒழுக்கவாதியும் கவலைப்பட்டு எழுதவில்லை. அவர்கள் கவலையெல்லாம் தங்கள் பணம் வெளியே போகிறதே என்பதும், தங்கள் பெண்கள் ஆடம்பரமாகிறார்களே என்பதும்தான். ஒரு காலத்தின் உண்மையான கொடுமையை விட்டுவிட்டு அதன் விருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது ஒரு வசதி என்று சொன்னேன். ஒருவரைப் பற்றி மோசமான கதை கேட்டால், அது உண்மையா என்பதோடு, அதைச் சொன்னவருக்கு அது எதற்குத் தேவைப்பட்டது என்றும் கேட்கச் சொன்னேன். பிறகு, அந்தத் தேவை சில நேரம் பசியாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டேன். அது கட்டுரையில் இல்லாத வரி. கீழே உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் புருவத்தை உயர்த்தினார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் பெண், மாப்பிள்ளை பெயரைப் பீடத்தில் நின்று வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்கும் தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். மேலத்தெரு சம்மாட்டியின் மகள் பெயரை சாமியார் வாசித்தபோது பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. எனக்குப் பின்னால் ஒருத்தி, “முத்துக் குடிச்சவர் வீட்டுக் கல்யாணம்லா, விருந்துல என்ன ஊத்துவாவளோ” என்றாள். பக்கத்தில் இருந்தவள் முக்காட்டைக் கடித்துச் சிரித்தாள். அப்பா சொன்னது தெரு முழுக்கக் கேட்டிருந்தது. என்றாலும் கதை அப்படியே இருந்தது. ஒருவர் உண்மை சொன்னதால் ஒரு கல்யாணம் நடக்கும். அவ்வளவுதான். நல்ல கதையை விட்டுக்கொடுக்க ஊருக்கு மனம் வராது.

சாமியார் தடை உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஆண்கள் பக்கம் அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். யாரும் எழவில்லை.

வெளியே வந்தபோது, சம்மாட்டி கொடிமரத்துப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, உள்ளே ஒடுங்கிய நெஞ்சு. தாண்டிப் போகிறவர்கள் அவருக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டு நடந்தார்கள். அப்பா வழக்கமாகக் கோயிலை விட்டு வடக்கு வாசல் வழியாக வெளியேறுவார். சம்மாட்டியைச் சந்திக்காமல் இருக்கத்தான் அந்த வழி என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அன்று நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

“சம்மாட்டி” என்றார்.

நேருக்கு நேர் அப்பா அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

சம்மாட்டி அப்பாவின் முழங்காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். அக்கா சற்றுத் தள்ளி நின்றாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

“கல்யாணத்துக்கு முந்துன நாள் விருந்துக்குச் சீலா மீனு வேணும், இன்னைக்கே ஏலக்காரன் வீட்டுல சொல்லி வைக்கணும்” என்றார் சம்மாட்டி. “ஏலக்கூடத்துல எனக்கு இப்பம் யாரையும் பழக்கமில்ல. ஏமாத்திப்போடுவானுவ.”

“நான் வாரேன், சம்மாட்டி.”

“வா.” அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். “ஆனா வழியில ஒன்னும் பேசாத. எனக்கு இன்னும் ஆறல.”

“சரி” என்றார் அப்பா.

இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். சம்மாட்டி முன்னால், அப்பா ஓர் எட்டுப் பின்னால், முழங்காலை இழுத்துக்கொண்டு. சம்மாட்டி திரும்பிப் பார்க்கவில்லை; ஆனால் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.